அமெரிக்காக்காரன் வேலைக் கணக்கும் எங்கள் வீட்டுத் தளமும்

அமெரிக்காவில் போன மாதம் எத்தனை பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் தெருவில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டால் முழிப்பேன். அதை யாரும் எண்ணிப் பார்த்து ஊருக்கு அறிவிப்பதில்லையே.

அமெரிக்காக்காரன் அறிவிக்கிறான். பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நம் ஊரில் விளக்கு வைக்கிற நேரம், ஆறு மணி. குளிர்காலம் வந்தால் ஏழு மணி. ஏன் இந்த ஒரு மணி நேர வித்தியாசம் என்று மருமகளைக் கேட்டேன். அந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லோரும் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொள்வார்களாம். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. நம் ஊர்ச் சேவல் இதைக் கேட்டால் என்ன நினைக்கும்?

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். இதை நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். அவள் பி.காம். படித்தவள். நான் கொச்சையாகச் சொல்வதைப் புத்தகத் தமிழாக்கி எழுதிக்கொள்கிறாள். அவளைப் பற்றி நான் சொல்கிற குறைகளை எழுதாமல் விடுகிறாள் என்று சந்தேகம். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, எண் தெரியும். கீரமங்கலம் பூக்கடையில் தராசு சிவப்பு எழுத்தில் காட்டுகிற எண்ணை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் முள்ளு வைத்த தராசு. அதையும் ஏமாறாமல் பார்த்தவள்தான்.

எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை. விடிவதற்குள் மொட்டாகப் பறித்துக் கடையில் சேர்க்க வேண்டும். என் மகனுக்கு மல்லிகை வாசம் பட்டால் தும்மல். செடிக்கு ஒரு தும்மல் என்று சின்ன வயதில் வரிசையாகத் தும்மிக்கொண்டே வருவான். "இவனை வச்சுக்கிட்டு பூ எடுக்க முடியாது" என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். அதனால் ஏசி வேலை படித்துக் கத்தாருக்குப் போனான். போய் ஏழு வருஷம். அவன் போன பிறகு பிறந்தவள் பேத்தி. அவனை அவள் நேரில் பார்த்தது இரண்டே தடவை. மற்றபடி அவளுக்கு அப்பா என்றால் போன்தான். ஒருநாள் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது திரை அணைந்து போனது. "அப்பாவுக்குச் சார்ஜ் தீந்துபோச்சு அப்பத்தா, கொண்டுபோயிச் சொருவு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

புது வீட்டுக்குத் தளம் போட்டதும் ஊரோடு வந்துவிடுவது என்று மகன் சொல்லியிருந்தான். சுவர் எழும்பி, தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்று இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் பக்கத்தில் இருக்கிற பழைய ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தளத்துக்கு வேண்டிய காசை அங்கேயே ரியாலாகச் சேர்த்து வைத்திருந்தான். நல்ல விலை வரும்போது மாற்றி அனுப்பலாம் என்று காத்திருந்தான். அந்த விலையைத் தினமும் போனில் பார்த்துச் சொல்கிற வேலை மருமகளுக்கு. கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்கிற வேலை எனக்கு.

ரியாலுக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் கத்தார்க்காரன் கையில் இல்லை என்று அவள்தான் முதலில் சொன்னாள். கன்றுக்குட்டியைத் தாய்மாட்டோடு சேர்த்துக் கட்டியதுபோல ரியாலை டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்களாம். டாலர் மேடு ஏறினால் இதுவும் ஏறும், பள்ளத்தில் இறங்கினால் இதுவும் இறங்கும். அந்த டாலர் எப்போது ஏறும் என்று கேட்டேன். அமெரிக்காவில் நிறையப் பேருக்கு வேலை கிடைத்தால் அங்கே வட்டியைக் குறைக்க மாட்டார்கள், வட்டி குறையாத இடத்துக்கு உலகத்துப் பணமெல்லாம் ஓடும், அப்போது டாலர் ஏறும் என்றாள். வட்டி கூடுதலாகத் தருகிற இடத்துக்குப் பணம் ஓடும் என்பதை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் மகளிர் குழுவில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

சரி, அவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும், அவ்வளவுதானே? நான் நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அது வைகாசி மாதம்.

"அமெரிக்காவுல வேல இல்லாமத் திரியுற புள்ளைகளுக்கெல்லாம் ஒரு வேலையக் குடு தாயே. ஒனக்கு ஒரு தேங்கா ஒடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

பூசாரி திரும்பிப் பார்த்தார். "யாருக்கு வேல வேணும்னீங்க?"

"அமெரிக்காக்காரவுகளுக்கு."

"அவுக என்ன ஒங்களுக்குச் சொந்தமா?"

"ரியாலு வழியில சொந்தம்" என்றேன். மனிதர் விபூதியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மருமகள் போனைப் பார்த்தாள். நிறைய, மிக நிறையப் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. அம்மன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று நான் தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உடைத்துவிட்டு வந்தால் மருமகள் முகம் தொங்கிப்போய் இருக்கிறது. டாலர் இறங்கிவிட்டதாம். திங்கட்கிழமை நம் ஊர் வங்கிகள் திறந்ததும் ரியால் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"வேல கெடச்சும் எறங்குமா? இது என்னாடி நாயம்?" என்று கேட்டேன்.

"இதவிடக் கூடக் கெடைக்கும்னு எல்லாரும் மொதல்லயே கணிச்சு வச்சிருந்தாகளாம் அத்த. அந்தக் கணிப்புக்கு இது கொறச்சலாம்."

எனக்கு மண்டையில் ஏறவில்லை. கணிப்பாவது ஒன்றாவது. தேங்காய் ஒன்று வீணாகிவிட்டது. அம்மனையும் குறை சொல்ல முடியாது. நான் கேட்டது வேலை, அதை அவள் கொடுத்துவிட்டாள். டாலரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையே.

அடுத்த வாரம் பெரிய முகூர்த்தம். முகூர்த்தத்தன்று மல்லிகை எகிறும் என்று முதல் நாள் பறித்ததில் பாதியை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டேன். மறுநாள் புதுப்பூவோடு சேர்த்துக் கடைக்குக் கொண்டுபோனால், முதல் நாளைவிடக் குறைந்த விலை. கடைக்காரரோடு சண்டைக்கு நின்றேன்.

"இன்னைக்கு முகூர்த்தம்யா! ஊரெல்லாம் கல்யாணம்! இன்னைக்குப் போயி எறங்குமா?"

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முகூர்த்தம்னு காலண்டர்லயே போட்டிருக்கு அப்பத்தா. ஊருக்கே தெரிஞ்ச சேதிதான? அதுக்கு நேத்தே, முந்தாநேத்தே வெல ஏறிப்போச்சு. வேணுங்கிறவுக வாங்கி முடிச்சிட்டாக. ஒங்களமாதிரியே எல்லாரும் பூவச் சுத்தி வச்சு இன்னைக்குக் கொண்டாந்து கொட்டுறாக. இன்னைக்கு ஏறணும்னா யாருக்கும் தெரியாத சேதி ஒன்னு வரணும். யாராச்சும் மந்திரி வீட்டுக் கல்யாணம் திடுதிப்புன்னு வந்தா ஏறும்."

நான் அப்படியே நின்றேன். பிறகு கத்தினேன்: "அட, அமெரிக்காவும் பூக்கடதானா!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எழுபது வயதில் ஒன்று விளங்குவதில் இருக்கிற சந்தோஷம் எழுபது வயதில்தான் தெரியும். சேதி நல்லதா கெட்டதா என்பது கணக்கு இல்லை. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மேலா கீழா, அதுதான் கணக்கு. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து எனக்குத் தெருவில் மரியாதை. என் வீட்டுக்காரரின் தங்கை இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் மகன் சிங்கப்பூரில். "மதினி, இந்த வாரம் அனுப்பச் சொல்லவா, இருக்கச் சொல்லவா?" என்று கேட்டுக்கொண்டு வருவாள். நான் "எல்லாரும் என்ன எதிர்பாக்குறாகன்னு மொதல்ல பாப்போம்" என்று சொல்லி வெற்றிலையை மடிப்பேன். சிங்கப்பூர் டாலர் வேறு, அமெரிக்க டாலர் வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. தளம் போடுவதென்றால் ஆவணிக்குள் போட வேண்டும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் அதெல்லாம் செய்ய மாட்டோம், ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். கொத்தனார் வந்து அளந்து, கம்பி, ஜல்லி, சிமெண்டு, ஆள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். மகன் கையில் இருந்த ரியாலை அன்றைய விலையில் மாற்றினால் பத்து மூட்டை சிமெண்டு அளவுக்குக் குறைந்தது.

அதே நேரத்தில் கம்பெனியில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறானா, இல்லை ஊருக்குப் போகிறானா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அங்கே வெள்ளி சனி லீவு, ஞாயிறு வேலை நாள். "தளத்துக்குக் காசு தெகஞ்சா வந்துர்றேன். தெகையலேன்னா ரெண்டு வருசம் போட்டுர்றேன் ஆத்தா. பாதி வீட்டுல வந்து குந்திக்கிட்டு என்ன பண்றது?" என்றான்.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணியில் எங்கள் வீட்டுப் பிள்ளை வருகிறானா இல்லையா என்பது இருந்தது. அமெரிக்காக்காரனுக்கு இது தெரியாது.

ஐந்தரைக்கே நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். நான், மருமகள், நாத்தனார். மகன் அங்கே பணம் மாற்றுகிற கடை வரிசையில் நின்றுகொண்டு வீடியோவில் தெரிந்தான். லீவு நாள் என்பதால் நம் ஆட்கள் கூட்டம்.

"எனக்கு முன்னால எட்டுப் பேரு நிக்கிறாய்ங்க. இப்ப அனுப்பவா, ஆறு மணி சேதி பாத்துட்டு அனுப்பவா? சொல்லுங்க."

"பாத்துட்டு அனுப்பலாங்க" என்றாள் மருமகள். "இந்தத் தடவ நெறையாப் பேருக்கு வேல கெடச்சிருக்கும்னு எல்லாருமே சொல்றாக. டாலர் நேத்துலேருந்தே ஏறிக்கிட்டிருக்கு."

"அதனாலதான் இப்பவே அனுப்புங்கிறேன்" என்றேன் நான். "எல்லாரும் சொல்லிட்டாகள்ல? அப்ப ஏற வேண்டியது ஏறிப்போச்சு. சொன்னபடியே வந்தா நிக்கும். ஒரு பிடி கொறஞ்சு வந்தாலும் சரியும். முகூர்த்தத்தன்னைக்கிப் பூ வச்சிருக்கவ கதிதான் ஒனக்கும்."

"பத்து மூட்ட கொறையுதே அத்த, இப்பவே அனுப்புனா?"

"பத்து மூட்டைய நான் பொரட்டுறேன். பூக்கடையில கேட்டா முன்பணம் குடுப்பாக. நீ அனுப்பச் சொல்லு."

அவள் அரை மனதாகத் தலையாட்டினாள். அப்போது நாத்தனார் குறுக்கே விழுந்தாள்.

"மதினி, வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல காசு வெளிய போவலாமா?"

"எங்கடி வெளிய போவுது? நம்ம வீட்டுக்குத்தான வருது."

"இங்கிட்டு வருது சரி. அங்கிட்டு அவன் கையவிட்டுப் போவுதுல்ல? அவன் என்ன அடுத்த வீட்டுப் புள்ளையா?"

எனக்குத் திக்கென்றது. ஒரே வீட்டுக் காசு, ஒரே நேரத்தில் போகவும் செய்கிறது, வரவும் செய்கிறது. லட்சுமி எந்தப் பக்கம் நிற்பாள்? வரிசையில் நின்றவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஏத்தா, முன்னால ஆறு பேருதான் இருக்காய்ங்க. சீக்கிரம் முடிவு பண்ணுங்க!"

மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். "சின்னத்த, கத்தாருல இப்ப மணி மூனு இருவது. வெயிலு மண்டையப் பொளக்குது. அங்க யாரு வெளக்கு வைக்கிறா?"

நாத்தனார் யோசித்தாள். அவள் நியாயம் தெரிந்தவள். "அப்ப அவனுக்குக் குத்தமில்ல. நமக்குத்தான் குத்தம். மதினி, அவன் அனுப்பி முடிக்கிற மட்டும் வெளக்கு ஏத்தாதிய. ஏத்தாத வரைக்கும் அந்தி ஆவலன்னு வச்சுக்குவோம்."

அப்படியே ஆயிற்று. திரியைப் போட்டு எண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரிசையில் நான்கு பேர். மூன்று பேர். முதலில் நின்றவர் தன் அம்மாவின் கணக்கு எண்ணை மறந்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் போன் போடுகிறார். அந்த அம்மா பாஸ்புக்கைத் தேடுகிறார். எந்த ஊர் அம்மாவோ, பீரோவைத் திறக்கிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"ஒவ்வொரு நம்பராச் சொல்லுங்கம்மா" என்று அவர் கெஞ்சுகிறார்.

ஆறு மணி. சேதி வந்துவிட்டது. எதிர்பார்த்ததில் முக்கால்வாசிகூட இல்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைப் பலகையில் எண் மாறியது. முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். மருமகள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். பத்து மூட்டை பதினைந்து மூட்டை ஆகிவிட்டது. திங்கட்கிழமை இன்னும் இறங்கும் என்றாள்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல, சரியும்னு!" என்று கை தட்டினேன். தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டுகிறோம் என்று உறைத்தது. நான் சொன்னது அப்படியே பலித்திருந்தது. அதனால் ஒரு பைசாப் பிரயோஜனமும் இல்லை.

மகன் வரிசையை விட்டு வெளியே வந்தான். "இருக்கட்டும் ஆத்தா. ஞாயித்துக்கெழம போட்டுர்றேன். ரெண்டு வருசம்தான, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்" என்றான். மருமகள் தீப்பெட்டியை வாங்கி விளக்கை ஏற்றினாள்.

சனிக்கிழமை காலையில் கொத்தனார் வந்தார். தளம் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்க வந்தவர். பூக்கடையில் ஐந்து மூட்டைக்குத்தான் முன்பணம் தேறும் என்று விடிகாலையிலேயே சொல்லிவிட்டார்கள். நான் கொத்தனாரிடமே கேட்டேன்.

"பதினஞ்சு மூட்ட ஒதைக்குதுய்யா. அமெரிக்காக்காரன் கவுத்துட்டான். எங்கனயாச்சும் கொறைக்க முடியுமா?"

அவர் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, வாசலுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நின்ற இரண்டு தூணைக் காட்டினார். "இந்தப் போர்டிகோவ விட்டுட்டீங்கன்னா இருவது மூட்ட மிச்சங்க. கம்பி, ஆளு கூலி வேற."

"இது எதுக்குய்யா?"

"காரு நிப்பாட்டத்தான்."

"யாரு காரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் தூணைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறது, அதுவும் காற்று இறங்கியது. நான்கு மாதமாக மூன்று பெண்பிள்ளைகள், ஒரு அம்மன், ஒரு பூக்கடை, ஒரு அமெரிக்கா எல்லோரும் சேர்ந்து பைசா பைசாவாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது மூட்டை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒருத்தி கண்ணிலும் படவில்லை.

உடனே போன் போடச் சொன்னேன்.

"ஆத்தா, எங்க மொதலாளி வீட்டுல அப்புடித்தான் இருக்கும். பாத்துப் பாத்துப் பிளான் போட்டேன். அது இல்லாட்டி வீடு மொட்டையா இருக்குமே" என்றான்.

"ஏன்டா, வாங்காத காரு வெயில்ல காயக் கூடாதுன்னு நீ ரெண்டு வருசம் வெயில்ல ஏசி மாட்டப்போறியா?"

மருமகள் போனை வாங்கினாள். அவள் அவனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். "எனக்குப் போர்டிகோ வேணாங்க. நீங்க வந்து வாசல்ல நில்லுங்க, போதும்" என்றாள். இதை எழுத மாட்டேன் என்று இப்போது அடம்பிடிக்கிறாள். எழுதாவிட்டால் மேலே சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானமே அவன் போய், இறங்கின விலைக்கே எல்லா ரியாலையும் மாற்றி அனுப்பிவிட்டான். வரிசையில் ஆளே இல்லையாம். சிமெண்டு, கம்பி, கூலி எல்லாம் போகக் கொஞ்சம் மிஞ்சியது. பூக்கடை முன்பணமும் வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும், நாங்கள் பூந்தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"எழுதிக் குடுத்துட்டேன் ஆத்தா. இன்னும் ஒரு மாசம் வேல பாக்கணும். பெறகு வாரேன்."

மருமகள் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஊர்ப்பக்கம் ஓடினாள். போன் என் கையில்தான் இருந்தது. சந்தோஷத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் வாயில் வந்ததைப் பேசினேன்.

"நல்லது சாமி. வா, வா. ஆனா ஒன்னு கேட்டுக்க. கடேசி மாசச் சம்பளத்த மட்டும் வாங்குன கையோட மாத்திராத. அடுத்த மாசம் மொத வெள்ளிக்கெழம அமெரிக்காவுல எல்லாரும் என்ன எதிர்பாக்குறாகன்னா..."

மருமகள் எழுந்து வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.